உச்சிக்குழி வழியே

அமெரிக்க மருத்துவர் லூ-ஆன் பபிலியும் அவருடைய குழுவினரும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,500 கிராமுக்கும் குறைவான எடையோடு அடுத்தடுத்துப் பிறந்த 46 குழந்தைகளுக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், 20 குழந்தைகளுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. பிழைத்த 29 குழந்தைகளில் ஒன்பதுக்குக் கசிவு இருந்தது. அந்த ஒன்பதில் ஏழு குழந்தைகளிடம் வெளியே ஓர் அறிகுறியும் இல்லை. கசிவை நான்கு படிகளாகப் பிரித்த பபிலியின் வகைப்பாடுதான் இன்றும் ஸ்கேன் அறிக்கைகளில் கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு என்று எழுதப்படுகிறது. எனக்கு அந்த வகைப்பாட்டைவிட அந்த ஏழு குழந்தைகள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். மூச்சு, நாடித்துடிப்பு, நிறம், அழுகை என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கே மூளைக்குள் நடந்தது தெரியவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குறைமாதக் குழந்தை பிறந்தால் உறவினர்கள் சொல்வது ஒரே வாக்கியம்: "பெட்டியில வச்சிருக்காங்க." பெட்டி என்பது வார்மர், இன்குபேட்டர், நீல விளக்கு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அந்தப் பெட்டியில் உடம்புச் சூடு, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், எடை, மஞ்சள்காமாலை எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. மூளைக்கு மட்டும் என்ன அளவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பிழைப்பதைப் பொறுத்தவரை தமிழ்நாடு நல்ல இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2020-இல் ஆயிரம் பிறப்புக்கு ஒன்பது குழந்தைகள் முதல் மாதத்துக்குள் இறந்தன என்கிறது மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கு. அதே ஆண்டில் உலகில் சுமார் 1.34 கோடி குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன் பிறந்தன. அவற்றில் 30 லட்சம் இந்தியாவில். இறப்பு குறையக் குறைய இன்னொரு கணக்கு கூடுகிறது: பிழைத்த பிள்ளை எப்போது தலை நிற்கும், நடக்குமா, பள்ளிக்கூடத்தில் எழுத்து கூட்டுமா? இந்தக் கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் பெட்டியில் இருந்த நாட்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஏன் மூளை இவ்வளவு நொய்ந்து இருக்கிறது? நிறைமாதத்துக்கு முன், மூளையின் பக்க அறைகளை ஒட்டி ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்ற அடுக்கு இருக்கும். புதிய நரம்புச் செல்கள் உருவாகும் பட்டறை அது. வேலை முடிந்ததும், அதாவது 34 வாரத்தை ஒட்டி, அது கரைந்துவிடும். அதுவரை அங்கே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மிக மெல்லியது. பெரியவர்களின் மூளையில் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே போகும் ரத்தத்தின் அளவு அதிகம் மாறாது. வீடூர் அணையில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் ஷட்டரை ஏற்றி இறக்கி வாய்க்காலுக்கு ஒரே அளவு விடுவதைப் போன்ற ஏற்பாடு அது. குறைமாதக் குழந்தைக்கு அந்த ஷட்டர் இன்னும் பொருத்தப்படவில்லை. அழுத்தம் சட்டென்று ஏறினால் குழாய் வெடிக்கும். இறங்கினால் வெள்ளைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் அங்கே செல்கள் செத்து, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறுசிறு குழிகளாகத் தெரியும். கால்களில் இறுக்கத்தோடு வரும் மூளை முடக்குவாதத்துக்கு இந்த இரண்டாவது சேதமே பெரிய காரணம். மூச்சுக் கருவி கொஞ்சம் வேகமாக ஓடினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் சுருங்கும்; மெதுவாக ஓடினால் வாயு கூடிக் குழாய்கள் விரியும். இரண்டுமே ஆபத்து. ரத்தக்கசிவில் பெரும்பகுதி முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது.

இதை வெளியிலிருந்து பார்க்க இயற்கையே ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது: உச்சிக்குழி. எலும்பு மூடாத அந்த இடத்தின் வழியாக அல்ட்ராசவுண்ட் அலை தங்குதடையின்றிப் போகும். 1980-களின் தொடக்கத்திலிருந்து உலகமெங்கும் இதுவே முதன்மை வழி. கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஜெல்லைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக்கி, பட்டாணி அளவு உச்சிக்குழியில் வைத்து, நுனி சிறிய புரோபை அழுத்தாமல் நிறுத்துவார்கள். அழுத்தினால் குழந்தையின் நாடித்துடிப்பே இறங்கும். திரையில் மூளை அறைகளில் உள்ள நீர் கறுப்பாகவும், புதிய ரத்தம் வெள்ளையாகவும் தெரியும். அறைக்குள் இயல்பாகவே இருக்கும் கோராய்டு பின்னலும் வெள்ளையாகத்தான் தெரியும். அதை ரத்தம் என்று எழுதிவிடாமல் இருக்கப் பழகிய கண் வேண்டும். பழகியவர் கையில் முழு வேலையும் பத்து நிமிடம்.

எப்போது பார்ப்பது என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2020-இல் சொன்னது: 30 வாரத்துக்குள் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒரு ஸ்கேன், நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று, பிரசவத் தேதி குறித்திருந்த வாரத்திலோ, வீட்டுக்கு அனுப்பும் முன்போ கடைசியாக ஒன்று. நம் ஊரில் 32 வாரம் வரை பிறந்தவற்றையும், மூச்சுத் திணறலோ கிருமித்தொற்றோ வந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்வதே சரி. இரண்டாம் ஸ்கேனில்தான் வெள்ளைப் பகுதிக் குழிகள் தெரியும் என்பதால் முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று அதை விட்டுவிடக் கூடாது. தலைச் சுற்றளவை டேப்பால் அளப்பதும் கண்காணிப்புதான். வாரம் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. இரண்டு என்றால் தலையில் நீர் கோக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் டேப் சொல்வதற்குப் பல நாள் முன்பே ஸ்கேன் சொல்லிவிடும்.

இவ்வளவு எளிது என்றால் தடை எங்கே? கருவிலேயே பெண் என்று கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் கொண்டுவரப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், நாட்டில் உள்ள ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. கர்ப்பிணியை ஒருநாளும் தொடாத கருவிக்கும் பதிவு வேண்டும். 2012-இல் வந்த திருத்த விதி, கையில் தூக்கிச் செல்லும் கருவியைப் பதிவு செய்த வளாகத்துக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்றது. நடமாடும் மருத்துவ வண்டிகளுக்கு மட்டும் தனி ஏற்பாடு. பதிவில்லாத கருவிக்குச் சீல் வைத்துப் பறிமுதல் செய்யலாம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்: பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது என்பது நமக்குத் தெரியும். சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விதி அனுமதிப்பதைக்கூடச் செய்யப் பயப்படும் நிலை மாற வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவு பதிவு செய்த வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒரு கருவியைப் பதிவு செய்து நிரந்தரமாக நிறுத்தவும், அந்தப் பிரிவின் மருத்துவர் குழந்தையின் தலையை மட்டும் பார்க்கவும் தெளிவான அரசாணை ஒன்று போதும். அது இல்லாத இடத்தில் ரேடியாலஜி பிரிவுக்குச் சீட்டு எழுதி, அவர்கள் வரும் நேரத்துக்குக் காத்திருப்பதுதான் வழக்கமாகும். முதல் 72 மணி நேரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இனி விலை உயர்ந்த கருவிகளுக்கு வருவோம். 1977-இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர், சிவப்புக்கு அப்பால் உள்ள ஒளி தோலையும் எலும்பையும் கடந்து மூளைக்குள் போய்த் திரும்புவதையும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அதிலிருந்து கணக்கிட முடிவதையும் காட்டினார். 1985-க்குள் அது குறைமாதக் குழந்தைகளின் தலைக்கு வந்துவிட்டது. இன்று நெற்றியில் ஒட்டும் ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு திரை, அதில் மூளைத் திசுவின் ஆக்சிஜன் விழுக்காடு. விரலிலோ பாதத்திலோ மாட்டும் ஆக்சிஜன் கருவி தமனி ரத்தத்தை மட்டும் சொல்லும். இது மூளை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். கேட்கவே ஆசையாக இருக்கும். ஒட்டிக் கழற்றியதும் தூக்கியெறிய வேண்டிய அந்தப் பட்டை ஒன்றே ஆயிரக்கணக்கான ரூபாய்.

பலன் உண்டா என்று சோதிக்க டென்மார்க்கின் கோர்ம் கிரைசன் தலைமையில் ஐரோப்பிய மையங்கள் கூடின. சேஃப்பூஸ்க் என்ற அவர்களுடைய ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் 166 குழந்தைகள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருந்த நேரத்தைக் கருவி உண்மையிலேயே குறைத்தது. அடுத்து 17 நாடுகளில், 28 வாரத்துக்குள் பிறந்த 1,601 குழந்தைகளை வைத்துப் பெரிய ஆய்வு. முடிவு 2023-இல் வந்தது: கருவி மாட்டிய குழுவில் இறப்பு அல்லது கடும் மூளைச்சேதம் 35.2 விழுக்காடு, மாட்டாத குழுவில் 34.0. வித்தியாசம் இல்லை. எண் திருந்தியது, குழந்தையின் கதி திருந்தவில்லை. கருவி பொய் என்று இதற்குப் பொருளில்லை. எண் இறங்கும்போது என்ன செய்தால் மூளை பிழைக்கும் என்பது மருத்துவத்துக்கே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்துப் பெயர்ப்பலகை வைக்க நினைக்கும் கொடையாளருக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டலாம்.

வெளிநாட்டில் நிரூபணமானது இங்கே அப்படியே செல்லும் என்று நினைப்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. அது நிறைமாதக் குழந்தைகளைப் பற்றியது, ஆனாலும் பொருந்தும். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதித்த குழந்தைகளின் உடம்பை மூன்று நாள் குளிரவைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மின்சாரம் அதிகம் தேவைப்படாத ஒரு குளிர்விக்கும் படுக்கையைக்கூட உருவாக்கி ஆராய்ந்தார்கள். பின்னர் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளோடு ஹீலிக்ஸ் ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் உண்டு. 2021-இல் வந்த முடிவில், குளிரவைத்த குழுவில் 42 விழுக்காடு இறப்பு, வைக்காத குழுவில் 31. நம் குழந்தைகளின் மூளைக்காயம் வேறு நேரத்தில், வேறு விதமாக நேர்கிறது என்ற ஐயம் அதிலிருந்து வலுத்தது. லண்டனில் உயிர் காக்கும் சிகிச்சை எழும்பூரில் உயிரைக் குறைக்கலாம். ஆகவே இங்கே எதை மாட்டினாலும் இங்கேயே சோதித்து மாட்ட வேண்டும்.

மூளை மின்னலைக் கருவியைப் பலன் உறுதியாகாத கருவிகளின் வரிசையில் சேர்க்க மாட்டேன். முழு இ.இ.ஜி.-க்கு நிபுணர் வேண்டும். அதைச் சுருக்கி, இரண்டு மூன்று இணைப்புகளால் மணிக்கு ஆறு சென்டிமீட்டர் பட்டையாக ஓடவிடும் கருவியை 1960-களின் கடைசியில் லண்டனில் பமீலா பிரையரும் டக்ளஸ் மேனார்டும் பெரியவர்களுக்காகச் செய்தார்கள். அதுவே இப்போது பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஓடுகிறது. வலிப்பைப் பிடிப்பதுதான் அதன் வேலை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பச்சிளங்குழந்தைகளின் மூளையில் நடக்கும் வலிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் தெரிகிறது. அப்படித் தெரிவதிலும் பெரும்பகுதியை அனுபவமுள்ளவர்களே தவறவிடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒன்று, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவில் இருப்பது நியாயம்.

சாலையில் நடப்பதையும் மூளைக் கண்காணிப்பில் சேர்த்தே பேச வேண்டும். திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக முண்டியம்பாக்கம் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தென்கிழக்கே திரும்பினால் புதுச்சேரி ஜிப்மர் 40. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் கல்லூரி வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து மக்களுக்குச் சென்னைப் பயணம் குறைந்தது. ஆனால் 30 வாரத்தில் வலி எடுத்த பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் குழந்தையை ஆம்புலன்சில் அனுப்புவதும், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவதும் ஒன்றல்ல. வெளியில் பிறந்து தூக்கிவரப்படும் குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை ரத்தக்கசிவு அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத்திரும்பக் கண்டது. குலுக்கல், குளிர், இறங்கி ஏறும் அழுத்தம் எல்லாம் அந்த மெல்லிய குழாய்களின் மேல்தான் விழும். கிளம்பும் முன் தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசியின் முதல் தவணை போட்டுவிட வேண்டும். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு தரும் இந்த வழியை நியூசிலாந்தின் லிகின்சும் ஹவியும் 1972-இல் காட்டினார்கள்; அது நுரையீரலை மட்டுமல்ல, மூளையையும் காக்கிறது. "ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது" என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறு: வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் மூளைக்கு லாபம்.

இதுவரை சொன்னதெல்லாம் மருத்துவமனைக்குள். என் பார்வையில் நாம் கோட்டைவிடுவது அதற்குப் பிறகு. ஹைன்ஸ் பிரெஹ்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர் கருவி எதுவும் இல்லாமல் மூளையைப் பார்க்கும் ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தார்: குழந்தை தானாகக் கைகால் அசைப்பதைப் பாருங்கள். பிரசவத் தேதி குறித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாவது மாதத்தை ஒட்டி, நல்ல மூளை உள்ள குழந்தை கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாவற்றையும் எல்லாத் திசையிலும் சிறுசிறு அசைவாக ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். இந்தச் சிற்றசைவு அறவே இல்லை என்றால் மூளை முடக்குவாதம் வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். 1997-இல் 130 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து அவர் இதை நிறுவினார். 2017-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதிய பரிந்துரையில், ஐந்து மாதத்துக்குள் முடக்குவாதத்தைக் கண்டுபிடிப்பதில் அசைவுச் சோதனையின் திறன் 98 விழுக்காடு, எம்.ஆர்.ஐ.-யின் திறன் 86 முதல் 89 என்று கணக்குப் போட்டார்கள். செலவைக் கணக்கிட்டால் சிரிப்பு வரும்: பாயில் மல்லாத்திப் போட்ட குழந்தையும், மூன்று நிமிட செல்போன் வீடியோவும், அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். தூளியில் போட்டோ, துணியில் சுற்றியோ, கிலுகிலுப்பை ஆட்டியோ எடுக்கக் கூடாது. குழந்தை விழித்திருக்க வேண்டும், அழக் கூடாது, கைகால் திறந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்றாவது மாதத்தில் அந்தக் குழந்தை எங்கே இருக்கும்? 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது பிறந்ததிலிருந்து ஐந்தாவது மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், மூன்றிலோ ஐந்திலோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்குப் போவது நம் வழக்கம். திண்டிவனம் பக்கத்துத் தாய்வீட்டில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் எடை பார்த்துத் தடுப்பூசி போட்டிருப்பார். குழந்தை இப்போது செஞ்சிக்கு அந்தப் பக்கமோ திருவண்ணாமலை மாவட்டத்திலோ வேறொரு செவிலியரின் பட்டியலில் இருக்கும். அவருக்குக் குழந்தையின் எடை தெரியும். தலை ஸ்கேனில் இரண்டாம் கிரேடு இருந்தது தெரியாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பும் வீடுகளில் இது இன்னும் மோசம். அசைவைப் பார்க்க வேண்டிய அதே வாரங்களில்தான் முகவரி மாறுகிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்த நாளிலிருந்து தாயைப் பின்தொடர்ந்துவரும் பிக்மி எண் நம்மிடம் இருக்கிறது. அதே எண்ணின் கீழ் தலை ஸ்கேன் முடிவையும் அசைவு வீடியோவையும் ஏற்றினால், எந்த ஊர் செவிலியர் திறந்தாலும் தெரியும். புதிய கருவி எதுவும் இதற்கு வேண்டாம்.

சீக்கிரம் தெரிந்தால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. இறந்த செல் திரும்பி வராதுதான். ஆனால் முதல் ஆண்டில் மூளை தன் இணைப்புகளை இன்னும் அமைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் தரும் பயிற்சி, இரண்டு வயதில் நடக்கவில்லையே என்று தூக்கிக்கொண்டு வரும்போது தரும் பயிற்சிக்குச் சமமல்ல. இதற்காகவே 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பிசியோதெரபி, பேச்சு, கண், காது எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ்.

உங்கள் வீட்டில் 32 வாரத்துக்கு முன் குழந்தை பிறந்திருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது தலை ஸ்கேன் எந்தெந்தத் தேதியில் எடுத்தார்கள், அடுத்தது எப்போது என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்குங்கள். கண் விழித்திரைப் பரிசோதனைத் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணி, பாயில் போட்டு ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, நீங்கள் அப்போது இருக்கும் மாவட்டத்தின் இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அங்கே கட்டணம் கிடையாது.